6 சிட்டிங்ல மங்கு போயிடும்னு சொல்ற ஸ்கின் கிளினிக்காரங்களுக்கு

கிளினிக் நடத்துறவங்களுக்கும் முன்னாடி கவுண்டர்ல பேக்கேஜ் பேசுறவங்களுக்கும் சேத்து தான் எழுதுறேன்.

ரெண்டாவது பிள்ள வயித்துல இருக்கப்ப ரெண்டு கன்னத்துலயும் மங்கு (டாக்டருங்க மெலாஸ்மான்னு சொல்ற கருந்திட்டு) விழுந்துச்சு. பிரசவம் ஆனா போயிடும்னாங்க, போகல, அம்மா சொன்னாங்கன்னு ஜாதிக்காய கூட பால்ல இழைச்சு போட்டுப் பாத்தாச்சு. கடைசில ஒரு கிளினிக்குக்கு போனா, டாக்டர் மூஞ்சிய பாக்குறதுக்கு முன்னாடியே 6 சிட்டிங் லேசர், இன்னைக்கே கட்டினா தள்ளுபடின்னு பேசி கார்டையும் தேய்ச்சிட்டாங்க. மூணு சிட்டிங் வரைக்கும் நல்லா தான் இருந்துச்சு, பொய் சொல்லல. அடுத்த வெயில் காலம் வந்ததும் முன்ன விட கருப்பா திரும்பிடுச்சு, நடுநடுவுல வெள்ளை புள்ளி வேற.

அப்புறம் பாத்த தோல் டாக்டர் ரூம் லைட்ட அணைச்சிட்டு வுட்ஸ் லாம்ப்னு ஒரு புற ஊதா விளக்க அடிச்சு பாத்தாங்க. மேல்தோல் மங்குன்னா அதுல இன்னும் அழுத்தமா தெரியுமாம், உள்ள இறங்கினது அப்படி தெரியாதாம், எனக்கு ரெண்டும் கலந்தது. மேல இருக்கது க்ரீமுக்கும் கிளைகாலிக் பீலுக்கும் (ஆசிட் தடவி மேல்தோல உரிக்கிறது) கேக்கும், உள்ள இருக்கது லேசுல அசையாது. நம்ம மாநிறத் தோலுக்கு லேசர் சூடு கொஞ்சம் கூடினாலும் அந்த சூட்டுக்கே தோல் கருக்கும்னு அன்னைக்கு தான் தெரியும். இத ஒரு அஞ்சு நிமிஷம் நீங்க சொல்லிருக்கலாம்ல?

நான் கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. பில் போடுறதுக்கு முன்னாடி அது மங்கு தானா, எந்த ஆழம்னு பாருங்க. கர்ப்பத்தடை மாத்திரை எடுக்குறாங்களான்னு கேளுங்க, அதுவும் மங்க கிளப்பும். மங்குக்குன்னு டிரானெக்சாமிக் ஆசிட் மாத்திரை (ரத்தப்போக்க நிறுத்த குடுக்குற மருந்து) எழுதினா ரத்தம் உறையுற பிரச்சனை இருக்கான்னு கேக்காம எழுதாதீங்க. சன்ஸ்க்ரீன் போடுங்கன்னு மட்டும் சொல்லாம, வெயில்ல கண்ணுக்கு தெரியுற வெளிச்சமும் மங்க ஏத்தும், அதுக்கு அயர்ன் ஆக்சைடு கலந்த டின்டட் (நிறம் சேத்த) சன்ஸ்க்ரீன் தான் உதவும்னு சொல்லுங்க. (பார்லர்ல டப்பால அடைச்சு குடுக்குற வெள்ளை க்ரீம பத்தி தனியா ஒரு லெட்டரே எழுதணும், அதுல ஸ்டீராய்டு இருந்தா தோல் மெலிஞ்சு செவந்து போறத கண்ணால பாத்திருக்கேன்.)

முக்கியமா, இது திரும்ப வரும்னு வாயத் திறந்து சொல்லுங்க. சுகர், பிபி மாதிரி கட்டுப்பாட்டுல வைக்கிற விஷயம்னு தெரிஞ்சும் எங்கள்ல பாதி பேர் வருவோம், அதுக்கான காசும் குடுப்போம். அந்த 'கேரண்டி' போர்ட மட்டும் கழட்டுங்க.