குப்பர்டினோவில் படிக்கிறாள்

அன்புள்ள கண்ணுக்கு,

ஞாயிற்றுக்கிழமை அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். நீ பேசியது முழுவதையும் கேட்டேன். இருமிக் காட்டியிருக்கலாம், காட்டவில்லை. ஒட்டுக்கேட்டதற்கு முதலில் மன்னித்துவிடு.

புள்ளியியல் இடைத்தேர்வில் ‘சி’ வந்ததைப் பற்றிப் பிறகு பேசுவோம். எனக்கு உறைத்தது வேறொன்று. நீ கல்லூரி மாறிப் போயிருக்கும் சான்டா குரூஸ் பல்கலைக்கழகத்தில், வகுப்பில் யாராவது “எங்கிருந்து வந்தாய்?” என்று கேட்டால் “சான் ஹோசேயிலிருந்து” என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுகிறாயாம். அவர்கள் கேட்பது முன்பு படித்த கல்லூரியை. நீ ஊரைச் சொல்கிறாய். அம்மா அதைக் கேட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அந்த வித்தையை நீ யாரிடம் கற்றாய் என்று எனக்குத் தெரியும்.

போன வருடம் பொங்கல் விழா. சர்க்கரைப் பொங்கல் தட்டோடு நீ என் இடது பக்கம் நின்றிருந்தாய். அந்த மாமா, பெயர் வேண்டாம், “பொண்ணு எங்கே படிக்கிறா?” என்று கேட்டார். அவர் மகள் எங்கே படிக்கிறாள் என்று அதற்கு முன்பே எனக்கு மூன்று முறை சொல்லியிருந்தார். நான் “குப்பர்டினோவில் படிக்கிறாள்” என்றேன். டி அன்சா என்று உன் கல்லூரியின் பெயர் என் வாயில் வரவில்லை. யார் வந்தாலும் சேர்த்துக்கொள்ளும் இரண்டு வருடக் கல்லூரி, கம்யூனிட்டி காலேஜ், என்று வரவேயில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது, குப்பர்டினோவில் வேறு என்ன கல்லூரி இருக்கிறது? “நல்லது, நல்லது” என்று சொல்லிவிட்டு வடை வரிசைக்குப் போய்விட்டார். நீ தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாய். காரில் திரும்பும்போது நீ பேசவில்லை. நான் ரேடியோவைப் போட்டேன். இத்தனை நாளும் அதைப் பற்றி நாம் ஒரு வார்த்தை பேசியதில்லை. இந்தக் கடிதம் அதற்காகத்தான்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பலமுறை யோசித்தேன். ஊரில் நான் பொறியியல் படித்தபோது, இரண்டாம் ஆண்டில் ஐந்தாறு பேர் புதிதாக வந்து சேர்ந்தார்கள். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்து நேராக இரண்டாம் ஆண்டுக்கு வந்தவர்கள். ‘லேட்டரல் என்ட்ரி’ என்று அதற்குப் பெயர். நாங்கள் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. ‘லேட்டரல்’ என்றே கூப்பிட்டோம். “லேட்டரல், அந்த நோட்டைக் கொடு.” பட்டறையில் லேத் முன்னால் நிற்கும்போது எங்கள் கை நடுங்கும், அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வேலையை முடிப்பார்கள். அப்போதும் எங்கள் இளக்காரம் போகவில்லை. பின்வாசல் வழியாக வந்தவர்கள் என்று ஒரு நினைப்பு. முப்பது வருடம் கழித்து என் மகளே இன்னொரு வாசல் வழியாகப் போகிறாள் என்றதும், அந்தப் பழைய இளக்காரம் என் பக்கம் திரும்பி நின்றது. என்னை யாராவது அப்படிப் பார்த்துவிடுவார்களோ என்று பயந்தேன். உன்னை எப்படிப் பார்ப்பார்கள் என்றுகூட அல்ல கண்ணு, என்னை.

இந்த மாநிலத்தில் இந்த வாசலைத் திட்டம் போட்டுத்தான் கட்டியிருக்கிறார்கள் என்பது இங்கே இருபத்தைந்து வருடம் வரி கட்டியும் எனக்குத் தெரியாது. நீ மாற்றலுக்கு விண்ணப்பித்த பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். 1960ஆம் ஆண்டின் உயர்கல்விப் பெருந்திட்டம். பள்ளி முடிப்பவர்களில் முதல் எட்டில் ஒரு பங்கினர் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கு, முதல் மூன்றில் ஒரு பங்கினர் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு, மற்ற யார் வந்தாலும் சமுதாயக் கல்லூரி, அதான் கம்யூனிட்டி காலேஜ், கதவைத் திறந்து வைத்திருக்க வேண்டும், அங்கே இரண்டு ஆண்டு ஒழுங்காகப் படித்தவர்களுக்கு மேலே இடம் இருக்க வேண்டும். இன்று அப்படி 116 கல்லூரிகள். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஆறு வளாகங்கள், மதிப்பெண்ணும் பாடங்களும் சரியாக இருந்தால் இடம் உறுதி என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்கின்றன. உன் சான்டா குரூஸ் அதில் ஒன்று. பின்வாசலுக்கு யாராவது இப்படி உறுதிச்சீட்டு தருவார்களா?

கணக்கும் போட்டேன், அது என் வியாதி. டி அன்சாவில் ஒரு யூனிட்டுக்கு, அதாவது பாடத்தை அளக்கும் ஓர் அலகுக்கு, 31 டாலர். மாற்றலுக்கு வேண்டிய 90 யூனிட்டுக்கு 2,790 டாலர். சில்லறைக் கட்டணங்களும் புத்தகமும் தனி. இப்போது நீ இருக்கும் இடத்தில் படிப்புக் கட்டணம் மட்டும் ஒரு வருடத்துக்கு 14,000 டாலருக்கு மேல், தங்குவதும் சாப்பாடும் அதற்கு மேல். (அந்த ஒரு பாடம், மாற்றல் பட்டியலில் சரிபார்க்காமல் எடுத்துவிட்டு, உன் பட்டத்துக்குக் கணக்கில் வராமல் போனதே, அதைச் சேர்த்தாலும் லாபம்தான். அதற்காக நீ அன்று அழுதது அநியாயம்.) 23ஆம் எண் பஸ்ஸில் ஸ்டீவன்ஸ் கிரீக் சாலை முழுக்க உட்கார்ந்து போனாய், வந்தாய். மாலை நேரங்களில் கடையில் நின்றாய். நான் அதை ஒரு சிக்கனம் என்று கூட யாரிடமும் பெருமையாகச் சொல்லவில்லை.

சரி, காசை விடு. அந்த இரண்டு வருடத்தில் எனக்கு நீ கற்றுக்கொடுத்த ஒன்றைச் சொல்கிறேன்.

ஒரு சனிக்கிழமை சுற்றுச்சூழல் வகுப்பு வேலைக்காக மவுன்டன் வியூவுக்கு என்னைக் காரோட்டியாகக் கூட்டிப்போனாய். மிடில்ஃபீல்டு, எல்லிஸ், விஸ்மன் என்று மூன்று சாலைகள். நான் நூறு முறை கடந்து போன இடம். கண்ணாடிக் கட்டடங்கள், வெட்டிய புல், காபிக் கடை. நீ ஒரு வரைபடத்தை விரித்து, இதன் அடியில் நிலத்தடி நீர் பல பத்தாண்டுகளாகச் சுத்தம் செய்யப்படுகிறது, இன்னும் முடியவில்லை என்றாய். கணினிச் சில்லு ஆலைகள் தகடுகளைக் கழுவப் பயன்படுத்திய டிரைகுளோரோஎத்திலீன் என்ற கரைப்பான் தரைக்குள் இறங்கிவிட்டது. தண்ணீரில் மட்டுமில்லை, ஆவியாகி மண் வழியாக மேலே ஏறிக் கட்டடங்களுக்குள்ளும் வரும் என்றாய். நச்சு இடங்களைச் சுத்தம் செய்ய மத்திய அரசின் ‘சூப்பர்ஃபண்டு’ சட்டம் 1980இல் வந்தது, அந்தப் பட்டியலில் நம் சான்டா கிளாரா மாவட்டத்தில் மட்டும் 23 இடங்கள் சேர்ந்தன, அமெரிக்காவில் வேறெந்த மாவட்டத்திலும் அவ்வளவு இல்லை என்றாய். நான் சில்லு ஆலையில் வேலை பார்ப்பவன். தகடு கழுவும் கரைப்பான்களின் பெயரெல்லாம் எனக்குத் தூக்கத்திலும் தெரியும். இது தெரியாது. அல்லது தெரிந்துகொள்ளத் தோன்றவில்லை, எது சரியென்று நீயே முடிவு செய்துகொள்.

அன்று இரவு நொய்யல் நினைவுக்கு வந்தது.

உனக்கு அதைப் பற்றி அதிகம் சொன்னதில்லை. அப்பாருவின், அதான் உன் தாத்தாவின், தோட்டம் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருந்தது. பாசனத்துக்கென்று கட்டிய அணை. தண்ணீர் வரும் என்று ஊரே காத்திருந்தது, வந்தது திருப்பூர்ச் சாயப்பட்டறைக் கழிவு. நான் பார்த்த நொய்யலில் ஒரு நாள் சிவப்பு ஓடும், ஒரு நாள் நீலம். எந்த நாட்டில் எந்த நிறச் சட்டைக்கு ஆர்டர் வந்திருக்கிறது என்று ஆற்றைப் பார்த்தே சொல்லலாம் என்று ஊரில் கேலி பேசுவார்கள். கிணறு உப்பாகிவிட்டது. தென்னை மஞ்சளடித்துக் காய் சூம்பிப் போனது. ஆயக்கட்டு விவசாயிகள் வழக்குப் போட்டார்கள், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதற்குள் அப்பாரு வெள்ளாமையை விட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. நானும் இங்கே வந்துவிட்டேன். இங்கே எல்லாம் சுத்தம் என்று ஊருக்குக் கடிதம் எழுதினேன். நஞ்சுக்கு நிறம் இல்லாததால் எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

போன நவம்பரில் நீ பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கு எழுதிய பதில்களை அச்செடுத்து பிரிண்டரிலேயே விட்டுவிட்டாய். ஒவ்வொன்றும் 350 சொல், மொத்தம் நான்கு. படித்தேன். (ஆம், அதுவும் ஒட்டுப்பார்த்ததுதான். இந்த வீட்டில் எனக்கு வேறு வழியில்லை.) அப்பாருவின் கிணற்றைப் பற்றி எழுதியிருந்தாய். நீ அந்தக் கிணற்றை ஒரே ஒரு முறை, ஏழு வயதில் பார்த்தாய். “என் தாத்தாவின் கிணற்றுக்கும் என் அப்பாவின் அலுவலகத்துக்கும் அடியில் இருப்பது ஒரே கதை” என்று முடித்திருந்தாய். அதைப் படித்துவிட்டுக் காகிதத்தை இருந்த இடத்திலேயே வைத்தேன். உன்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அன்றே சொல்லியிருக்க வேண்டும், ரொம்ப நன்றாக எழுதியிருந்தாய்.

ஆனால் நீ எழுதாதது ஒன்று உண்டு, உனக்குத் தெரியாததால். என் கல்லூரிக் கட்டணத்தை நான்கு வருடமும் கட்டியவர் திருப்பூர் மாமா. அவர் வைத்திருந்தது சாயப்பட்டறை. தோட்டம் பொய்த்தபோது அப்பாருவின் குடும்பத்துக்குக் கை கொடுத்ததும் அந்தப் பட்டறைதான். அவர் கெட்டவர் இல்லை. நம் ஆற்றைக் கெடுத்த காசில் நான் படித்தேன், அந்தப் படிப்பில் இங்கே வந்தேன், இங்கே நிலத்தைக் கெடுத்த தொழிலில் சம்பாதித்து உன்னைப் பெற்று வளர்த்தேன். சுற்றுச்சூழல் படிப்பு என்றால் நல்லவர்களையும் கெட்டவர்களையும் பிரிப்பது என்று நான் நினைத்திருந்தேன். மாமாவை நீ எந்தப் பக்கம் வைப்பாய் என்று ஒரு நாள் உட்கார்ந்து பேச வேண்டும். என்னிடம் விடை இல்லை. உங்கள் பேராசிரியர்களிடம் இருந்தால் கேட்டு வா.

இப்போது அந்த ‘சி’. முதல் காலாண்டில் மாற்றலில் வந்தவர்களுக்கு மதிப்பெண் சரிவது எவ்வளவு சாதாரணம் என்றால், அதற்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள், மாற்றல் அதிர்ச்சி என்று. டி அன்சாவைவிட அங்கே காலாண்டு சிறியது. நாள் குறைந்தால் நீ மூச்சு விடும் இடம்தான் குறையும். டி அன்சாவில் ஆசிரியருக்கு உன் பெயர் தெரியும், வகுப்பு முடிந்து வாசலிலேயே நிறுத்திக் கேட்டுவிடுவாய். அங்கே நூற்றுக்கணக்கானவர்கள் உட்காரும் அரங்கம், ஆசிரியரைப் பார்க்கத் தனியாக நேரம் ஒதுக்கியிருப்பார்கள், நீயாகப் போக வேண்டும். போ. முதல் ஆண்டே சேர்ந்தவர்கள் இரண்டு வருடமாகப் போய்ப் பழகியிருக்கிறார்கள், வித்தியாசம் அவ்வளவுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. நிகழ்தகவு புரியவில்லை என்றால் என்னைக் கூப்பிடு. ஆலையில் தினமும் எத்தனை சில்லு பழுது என்று அதை வைத்துத்தானே வயிறு வளர்க்கிறேன்.

இன்னொன்றும் காதில் விழுந்தது. சனிக்கிழமைகளில் வளாகப் பண்ணையில் களை எடுக்கிறாயாமே! 1967இல் ஆலன் சாட்விக் என்ற ஆங்கிலேயத் தோட்டக்காரர் வெறும் மண்வெட்டியோடு கல்லும் சரிவுமான இடத்தில் தொடங்கிய தோட்டம், பிறகு 30 ஏக்கர் பண்ணையும் வந்தது என்று அம்மாவிடம் அளந்தாய். என்னைத் தோட்டத்தை விட்டு வெளியே அனுப்ப அப்பாரு என்ன பாடு பட்டார் தெரியுமா? மண்வெட்டியைத் தொட்டால் அடி விழும், போய்ப் படி என்பார். அவர் பேத்தி பசிபிக் கரையில் காசு கட்டிக் களை எடுக்கிறாள் என்று கேட்டிருந்தால், வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்திருப்பார். அப்புறம் என்ன பயிர், என்ன எரு என்று ஒரு மணி நேரம் விசாரித்திருப்பார்.

வருகிற சனிக்கிழமை நானும் அம்மாவும் வருகிறோம். பதினேழாம் எண் நெடுஞ்சாலையின் வளைவுகளில் எனக்குக் கை வேர்க்கும் என்பது உனக்குத் தெரியும், அதனால் சான் ஹோசே டிரிடான் ரயில் நிலையத்திலிருந்து பஸ். அம்மா அரிசிம்பருப்புச் சோறு கட்டுகிறாள், நெய் தனியாக. அந்தப் பண்ணையைக் காட்டு. உன் கூட்டாளிகள் யாராவது இருந்தால் அறிமுகப்படுத்து. எங்கே படித்தாள் என்று அவர்கள் என்னைக் கேட்டால் நான் டி அன்சா என்றுதான் சொல்வேன், இப்போதே எச்சரித்துவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா

பின்குறிப்பு: பொங்கல் விழாவில் பார்த்த அந்த மாமா நேற்று போன் செய்தார். அவருடைய இளைய மகனுக்கு இந்த வருடம் எதிர்பார்த்த இடம் கிடைக்கவில்லையாம். குரல் தாழ்ந்திருந்தது. “உங்க பொண்ணு எப்படிப் போனா, கொஞ்சம் விவரம் சொல்லுங்களேன்” என்றார். 23ஆம் எண் பஸ்ஸில் தொடங்கி உறுதிச்சீட்டு வரை முக்கால் மணி நேரம் சொன்னேன். பையன் உன்னிடம் பேச வேண்டுமாம். எண் கொடுக்கட்டுமா? உன்னைக் கேட்காமல் கொடுக்கவில்லை.