படமெடுக்க எங்கே நிற்கலாம்? வடபகுதிப் புகையிரதப் பாதைக்குப் பொறுப்பானோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

ஓமந்தையிலிருந்து ஆனையிறவு வரையான வன்னி நிலையங்களில் ஒரு பயணி எங்கே நின்று புகையிரதத்தைப் படமெடுக்கலாம், எங்கே நிற்கக் கூடாது என்பதைத் தயவுசெய்து எழுத்தில் அறியத் தாருங்கள். வாயால் கேட்டுப் பார்த்துவிட்டேன். மூன்று தடவை கேட்டதற்கு மூன்று விதமான பதில்கள் கிடைத்தன. அதனால்தான் எழுத்தில் கேட்கிறேன்.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, யாழ்ப்பாணம் செல்வதற்காக என் தாயாருடனும் தங்கையின் மகனுடனும் ஒரு நிலையத்தில் காத்திருந்தேன். நிலையத்தின் பெயர் இங்கே வேண்டாம். யாரையும் இடம்மாற்ற வைப்பது என் நோக்கமல்ல. மருமகனுக்குப் பதின்மூன்று வயது. எஞ்சின்களின் இலக்கங்களைக் குறித்து வைக்க அவனிடம் ஒரு கொப்பி உண்டு; வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர் விட்டுப்போன பழைய கமரா ஒன்றும் உண்டு. அன்று எங்கள் நிலையத்தில் 'குறோசிங்' என்று அறிந்து, புறப்பட வேண்டிய நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் முன்னரே எங்களை இழுத்து வந்திருந்தான். ஒற்றைத் தண்டவாளப் பாதையில், எதிரே வருவதற்கு வழிவிட்டு ஒரு புகையிரதம் பக்கத் தண்டவாளத்தில் உறுமிக்கொண்டு காத்து நிற்பதும், மற்றது நிலையத்துக்குள் நுழைவதும், இரண்டும் ஒரே சட்டகத்துக்குள் அகப்படும் அந்தச் சில நிமிடங்களும் அவனுக்குத் திருவிழா. மூவர் கையிலும் பயணச்சீட்டு இருந்தது. அவன் மேடையின் மஞ்சள் கோட்டுக்கு உள்ளேதான் நின்றான்.

இரண்டாவது புகையிரதம் போய்ச் சேர்ந்த பின்னர் ஓர் உத்தியோகத்தர் வந்தார். படமெடுக்க அனுமதியில்லை என்றார். எடுத்ததை எல்லாம் தன் முன்னாலேயே அழிக்குமாறு பணித்தார். எந்த விதியின் கீழ் என்று பணிவாகவே கேட்டேன். 'மேலிடத்து உத்தரவு' என்றார். அந்த உத்தரவு தமிழிலோ சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எங்காவது ஒட்டப்பட்டிருக்கிறதா என்று கேட்டதற்கு, என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்ததுதான் பதில்.

அது பழைய கமரா. ஒரேயடியாக அழிக்கும் வழி அவனுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு படமாகத் திரையில் வர, அழிக்கவா என்று அது கேட்க, அவன் 'ஆம்' என்று அழுத்த, அடுத்தது வந்தது. நாற்பத்தொரு படங்கள். இடையில் ஒன்று அவனுடைய அம்மம்மாவின் படம். வாங்கில் சாய்ந்திருந்து, மடியில் முறிகண்டிக் கச்சான் சரையை விரித்து வைத்திருக்கிறார். தண்டவாளமும் இல்லை, புகையிரதமும் இல்லை. அவன் நிமிர்ந்து பார்த்தான். உத்தியோகத்தர் படத்தின் மூலையில் பாதியாகத் தெரிந்த பெயர்ப்பலகையைச் சுட்டிக்காட்டி, அதையும் அழிக்கச் சொன்னார். நடப்பது என்னவென்று சரியாக விளங்காத என் தாயார், "ஏன் ராசா, படம் வடிவாய் வரேல்லையே?" என்று கேட்டார். அவன் பதில் சொல்லாமல் அடுத்த படத்தை அழித்தான்.

இந்தப் பாதையின் கதை தாங்கள் அறியாததல்ல. 1990 ஜூனில் நின்ற புகையிரதம் கிளிநொச்சிக்குத் திரும்பி வந்தது 2013 செப்டெம்பரில். இடைப்பட்ட இருபத்துமூன்று ஆண்டுகளில் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாகிப் போயின. புல் மூடிய மண்மேட்டைக் காட்டி, இதன் மேல்தான் யாழ்தேவி ஓடியது என்று பிள்ளைகளுக்குச் சொன்ன தலைமுறை எங்களுடையது. பழைய நிலையத்தின் படம் எங்கள் வீட்டில் ஒன்றுகூட இல்லை. இருந்த அல்பங்கள் ஒவ்வோர் இடப்பெயர்விலும் ஒவ்வொன்றாகத் தவறிப்போயின. எதற்காகப் புகையிரதத்தைப் படமெடுக்கிறீர்கள் என்று எங்களிடம் கேட்பவர்கள், அதை எங்கே வந்து நின்று கேட்கிறோம் என்பதைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

பார்க்கத் தகுந்த இடங்களுக்கு இங்கே குறைவில்லை. ஆனையிறவில் ஏ-9 வீதியும் தண்டவாளமும் அருகருகே நீரேரியைக் கடக்கின்றன. வெயில் தாழ்ந்த நேரத்தில், தண்ணீர் அசையாமல் கிடக்கும் நாளில், புகையிரதம் தன் நிழலையும் கூட்டிக்கொண்டு போவதைப் பார்க்கலாம். மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் இடையில் காட்டுக்குள்ளிருந்து முதலில் வெளிச்சம் தெரியும், பிறகு ஒலி வரும், எஞ்சின் கடைசியாகத்தான் முழுதாகத் தெரியும். அது என்ன எஞ்சின் என்று காத்திருப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. கொழும்புத் திட்டம் என்ற பன்னாட்டு உதவித் திட்டத்தின் கீழ் 1954 முதல் கனடா வழங்கிய எம்-2 வகை டீசல் எஞ்சின்களில் ஒன்று, அல்பேர்ட்டா, ஒன்ராறியோ என்று அந்நாட்டு மாகாணப் பெயரைத் தாங்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிட்டால், என் மருமகனுக்கு அன்று சாப்பாடு தேவையில்லை. சொந்தக்காரர் பாதிப்பேர் கனடாவில் இருக்கும் வீடு. அங்கிருந்து வந்ததில் எஞ்சின்தான் மூத்தது என்பது அவனுடைய கணக்கு.

தண்டவாளத்தின் மேல் நின்று படமெடுக்கும் உரிமையை நான் கேட்கவில்லை. அப்படி நின்று உயிர்விட்டவர்களின் செய்திகளை நானும் வாசித்திருக்கிறேன். அதைத் தடுக்க எடுக்கும் எந்த நடவடிக்கைக்கும் என் ஆதரவு உண்டு. ஆனால் தெமோதரையில் ஒன்பது வளைவுப் பாலத்தின் மேல், தண்டவாளத்திலேயே நின்று புகையிரதத்துக்காகக் காத்திருக்கும் கூட்டத்தைக் காணொளிகளில் உலகமே பார்க்கிறது. அங்கே அது சுற்றுலா. இங்கே மேடையில், கோட்டுக்கு உள்ளே, பயணச்சீட்டுடன் நிற்கும் சிறுவன் செய்வது மட்டும் பாதுகாப்புப் பிரச்சினை. மலைநாட்டுப் புகையிரதத்தை விடவும் வன்னிப் புகையிரதம் அவ்வளவு இரகசியமானதென்றால், அதைப் பகலில் ஓட விடுவதே பிழையல்லவா?

பாதுகாப்பு என்று வந்தபடியால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்த மாவட்டங்களில் கதவில்லாத, காவலாளி இல்லாத கடவைகளை நாள்தோறும் பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் கடக்கிறார்கள். அந்தக் கடவைகளில் உயிர்கள் போயிருக்கின்றன. அங்கே நிறுத்த ஆளில்லை என்கிறார்கள்; ஒரு கமராவில் நாற்பத்தொரு படங்கள் அழிந்து முடியும் வரை பக்கத்தில் நின்று எண்ணுவதற்கு மட்டும் ஆள் இருக்கிறது. இதை எழுதும்போது குரல் உயர்ந்துவிட்டது, மன்னிக்கவும். கடவைகளைப் பற்றித் தனியாக எழுதுவேன்.

நான் கேட்க வந்தது ஒன்றே. எங்கே நின்று படமெடுக்கலாம், எங்கே கூடாது என்பதை மூன்று மொழிகளிலும் எழுதி, ஒவ்வொரு நிலையத்திலும் பயணச்சீட்டு யன்னலுக்குப் பக்கத்தில் வையுங்கள். சமிக்ஞை அறையைப் படமெடுக்கக் கூடாதென்றால் அதையும் எழுதுங்கள். கட்டணம் உண்டென்றால் எவ்வளவு என்றும் எழுதுங்கள், கட்டுகிறோம். முற்றாகவே தடையென்றால், அந்தத் தடையையாவது உத்தியோகத்தரின் அன்றைய மனநிலையாக இல்லாமல், கையொப்பமிட்ட ஒரு தாளாகக் காட்டுங்கள். ஆனையிறவில் தண்டவாளத்திலிருந்து பாதுகாப்பான தூரத்தில், கம்பிவேலி அடைத்து, நாலு பேர் நின்று பார்க்க ஓர் இடம் ஒதுக்கித் தந்தால் அது பெரிய உபகாரம். ஆயினும் அது இரண்டாவது வேண்டுகோள். முதலில் எழுத்தில் ஒரு விதி.

அடுத்த பள்ளி விடுமுறையில் நாங்கள் மறுபடியும் அதே நிலையத்துக்கு வருவோம். மருமகன் கமராவை இனி வீட்டில் வைத்துவிட்டு, கொப்பியை மட்டும் கொண்டு வருவதாகச் சொல்கிறான். எஞ்சின் இலக்கங்களைக் கொப்பியில் எழுதுவதற்குத் தடை ஏதும் உண்டா என்பதையும் உங்கள் பதிலில் குறிப்பிட்டால் நல்லது. பலகைக்குச் செலவாகும் என்பது தடையாக இருக்குமானால், மரமும் வர்ணமும் நாங்கள் தருகிறோம். எழுதுவதற்கு எங்கள் ஊரில் நல்ல கையெழுத்துக்காரர் இருக்கிறார். வாசகத்தை மட்டும் தாங்கள் அனுப்பி வைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கிளிநொச்சி மாவட்டப் பயணி ஒருவர்