ஹெட்டை மாத்தச் சொல்றதுக்கு முன்னாடி காத்து எங்க போகுதுன்னு பாருங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். பட்டர்வொர்த் பாகான் டாலாம் பக்கம் ரொம்ப வருஷம் மோட்டார் கடை வச்சிருந்தவன் நான், இப்ப முட்டி வலி, கடைய மூடிட்டு வீட்ல பேப்பர் படிச்சிட்டு உக்காந்திருக்கேன்.

போன வாரம் எதிர்வீட்டுப் பையன் அவனோட ஹோண்டா இ.எக்ஸ். 5 கப்சாய, அதான் அந்தச் சின்ன மோட்டார்சைக்கிள, தள்ளிக்கிட்டே வந்தான். புகை அடிக்குதுன்னு ஒரு கடையில ஹெட்ட (எஞ்சினோட மேல் பாகம், காத்த உள்ள விட்டு புகைய வெளிய விடுற வால்வ் எல்லாம் அதுலதான்) கழட்டி வால்வ் சீல் மாத்தியிருக்காங்க, திரும்ப மாட்டினதுக்கு அப்புறம் ஸ்டார்ட் ஆகல, கிக் அடிச்சா கால் வெண்ணெயில இறங்குற மாதிரி இறங்குது, அந்தக் கடை போமன், அதான் மெக்கானிக், "ஹெட் போச்சு தம்பி, புதுசு வாங்கு"ன்னுட்டானாம். நான் லெஃப்ட் பக்க கவர கழட்டி ஃபிளைவீல்ல, பிஸ்டன் உச்சியில இருக்குறதக் காட்டுற டி மார்க்க நேரா வச்சேன், ரெண்டு டேப்பட் மூடியையும் திறந்து, வால்வ அமுக்குற ராக்கர ஆட்டிப் பாத்தேன். கம்ப்ரெஷன்ல, அதாவது காத்த அமுக்குற நேரத்துல, பிஸ்டன் மேல இருக்கும்போது ரெண்டும் லேசா ஆடணும்ல, காத்து உள்ள வர்ற இன்டேக் பக்கம் அசையவே இல்ல. டேப்பட்ட, அதான் ராக்கர் முனையில கேப் வைக்கிற ஸ்க்ரூவ, இறுக்கி வச்சா வால்வ் எப்படி முழுசா மூடும், மூடலன்னா கம்ப்ரெஷன் எங்கேர்ந்து வரும்? எஞ்சின் ஆறி இருக்கும்போது ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவுல 0.05 மில்லிமீட்டர் கேப் வச்சேன், ரெண்டாவது கிக்ல பிடிச்சிருச்சு. ஒரு விஷயம், டி மார்க் ரெண்டு சுத்துல ரெண்டு தடவை வரும், அதுல ஒரு தடவை வால்வ் ரெண்டும் கொஞ்சம் திறந்திருக்கும், அந்த நேரத்துல கேப் வச்சீங்கன்னா அப்புறம் கேப் பெருசாகி தகரம் தட்டுற மாதிரி சத்தம் வரும். ராக்கர ஆட்டிப் பாக்காம ஸ்பேனர எடுக்காதீங்க.

இதே கதைதான் கனடாவுல இருக்குற எங்கக்கா மகனுக்கும். அவன் பனியில ஓட்டுற வண்டி வச்சிருக்கான், யமஹா ஆர்எக்ஸ்-1, 998 சிசி, நாலு சிலிண்டர், ஒரு சிலிண்டருக்கு அஞ்சு வால்வ், மொத்தம் 20. நம்ம கப்சாய்க்கு ரெண்டே ரெண்டு, அதுக்கே கடைக்காரங்க தடுமாறுறாங்க. இங்க ராத்திரி, அங்க காலையில, வாட்ஸ்அப்ல கூப்பிட்டான், "மாமா, ஹெட்ட பிரிச்சு வால்வ் அரைச்சு மாட்டினேன், மூணாவது சிலிண்டர்ல கம்ப்ரெஷன் சுத்தமா இல்ல, பிஸ்டன் ரிங் மாத்தணுமா"ங்கிறான். ரிங்க விடுடா, முதல்ல அந்த சிலிண்டர்ல அஞ்சு வால்வும் மூடியிருக்க வேண்டிய நிலையில பிஸ்டன மேல நிறுத்தி பிளக் ஓட்டை வழியா காத்து குடு, எங்க சீறுதுன்னு காத வச்சுக் கேளுன்னேன். கார்புரேட்டர்ல சீறினா இன்டேக் வால்வ், சைலன்சர்ல சீறினா புகை வெளிய போற எக்ஸாஸ்ட் வால்வ், ரேடியேட்டர் தண்ணியில குமிழ் வந்தா ஹெட் கேஸ்கெட், ஆயில் மூடிப் பக்கம் பலமா வந்தா ரிங். சைலன்சர்லதான்னான். அந்த எக்ஸாஸ்ட் ரெண்டுல ஒண்ணுக்கு கேப் அளக்குற தகடு, ஃபீலர் கேஜ், அதுல இருக்குறதுலயே மெல்லிசானதும் நுழையல.

அப்புறம்தான் உண்மை வந்துச்சு. அந்த எஞ்சின்ல கேப்புக்கு ஸ்க்ரூ கிடையாது, வால்வ் மேல தொப்பி மாதிரி இருக்குற பக்கெட்டுக்கு அடியில சின்ன வட்டத் தகடு, ஷிம்னு சொல்வாங்க, எது எந்த வால்வோடதோ அது அங்கயே திரும்பப் போகணும். இவன் இருபதையும் ஒரே பிஸ்கட் டின்ல கொட்டி வச்சிருக்கான்! போதாக்குறைக்கு வால்வ அரைச்சா அது சீட்ல கொஞ்சம் உள்ள போய் உக்காரும், தண்டு முனை மேல எழும்பும், கேப் இன்னும் குறையும், அதனால பழைய ஷிம்ம சரியா வச்சாலும் அளந்து பாத்தே ஆகணும். கேப் துளிகூட இல்லாத இடத்துல அளக்கவும் முடியாது, அதனால மெல்லிசா ஒண்ணு வச்சு மாட்டி, அளந்து, கணக்குப் போடச் சொன்னேன். உள்ள இருக்குற ஷிம் கனத்தோட அளந்த கேப்ப கூட்டி, வேணுங்கிற கேப்ப கழிச்சா வர்ற கனம்தான் வாங்க வேண்டியது. வால்வ அமுக்கித் திறக்குற கேம்ஷாஃப்டோட மூடி போல்ட்ட கொஞ்சம் கொஞ்சமா எல்லாத்தையும் சமமா இறுக்குன்னேன், ஒரு பக்கமா இறுக்கினா கேமே ஒடிஞ்சிரும், இதுல எனக்கு அனுபவம் உண்டு, எப்படின்னு கேக்காதீங்க. கடைசியா பிளக்க கழட்டிட்டு, ஸ்டார்ட்டர் பட்டனத் தொடாம கிராங்க்ல ஸ்பேனர் போட்டு எஞ்சின ஓடுற பக்கமா ரெண்டு முழுச் சுத்து கையால சுத்து, எங்கயாவது முட்டுச்சுன்னா பலம் போடாம நிறுத்திருன்னேன், டைமிங் செயின் பல்லு தள்ளியிருந்தா வால்வ் பிஸ்டன்ல இடிக்கிறது கைக்குத் தெரியும், பட்டன அமுக்கினா வளைஞ்சதுக்கு அப்புறம்தான் தெரியும். ரெண்டு ராத்திரி என் தூக்கம் போச்சு, வண்டி ஓடுது.

ஆசிரியரே, உங்க பேப்பர்ல ராசி பலனுக்கு தினமும் இடம் இருக்கு, குறை சொல்லல, நானும் படிக்கிறவன்தான். வாரத்துல ஒரு நாள் அரைப் பக்கம் இந்த மாதிரி மோட்டார் வேலைய நம்ம பிள்ளைங்களுக்குத் தமிழ்ல போடுங்களேன், பட்டறையில வேலைக்குப் போற பையங்க எத்தனையோ பேர் எல்லாத்தையும் பாத்துப் பாத்தே கத்துக்கிறாங்க. எழுத ஆள் கிடைக்கலன்னா நான் எழுதுறேன், பிழை திருத்தி மட்டும் போட்டுக்குங்க.

இப்படிக்கு,
கடைய மூடின ஒரு போமன்,
பாகான் டாலாம், பட்டர்வொர்த், பினாங்கு