யாரால் கூறப்படுகிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த செவ்வாய்க்கிழமை தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில், எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் வாழ்ந்த இளம்பெண்ணின் தற்கொலைச் செய்தி வந்திருந்தது. 'கூடா நட்பால் விபரீத முடிவு' என்று நான்கு பத்தித் தலைப்பு. பக்கத்திலேயே கல்யாண ஆல்பத்திலிருந்து எடுத்த படம். கணவர் பெயர், அவர் வேலை பார்க்கும் இடம், தெருவின் பெயர், உயிரை விட்ட விதம் என எதையும் தங்கள் நிருபர் விட்டுவைக்கவில்லை. கடைசிக்கு முந்தைய வரி இது: "அவருக்கு வேறு ஒருவருடன் பழக்கம் இருந்ததாகக் கூறப்படுகிறது."

முப்பத்து நான்கு ஆண்டுகள் தமிழ் சொல்லிக்கொடுத்தவன் நான். செயப்பாட்டு வினையைக் கண்டால் 'யாரால்?' என்று கேட்கும்படி பிள்ளைகளைப் பழக்கியிருக்கிறேன். 'கண்ணனால் பாடம் படிக்கப்பட்டது' என்றால் படித்தவன் கண்ணன்; மூன்றாம் வேற்றுமை உருபு அவனைக் காட்டிக்கொடுத்துவிடும். 'கூறப்படுகிறது' என்று தங்கள் நிருபர் எழுதும்போது கூறியவர் எங்கே போனார்? காவல் ஆய்வாளரா, கணவர் வீட்டாரா, டீக்கடையில் நின்ற யாரோ ஒருவரா? பெண்ணின் தந்தை முதல் தகவல் அறிக்கையின் நகலை என் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னார். இரண்டு முறை படித்தேன். அப்படி ஒரு வரி அதில் இல்லை. துக்கம் விசாரிக்கப் போன என்னிடம் அந்தத் தாய் கேட்டது ஒன்றுதான்: "யார் சொன்னார்கள் சார்? பெயரை மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்."

அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. தங்களிடம் இருக்க வேண்டும்.

செய்தியிலாவது 'கூறப்படுகிறது' என்று ஒரு தடுப்பு இருந்தது. தலைப்புக்கு வரும்போது அதுவும் போய்விட்டது. முன்பெல்லாம் 'கள்ளக்காதல்' என்று போடுவீர்கள். வாசகர்கள் பலர் வருந்தி எழுதிய பிறகு அது 'கூடா நட்பு' ஆயிற்று. ஐயா, கூடாநட்பு என்பது திருக்குறளில் 83ஆம் அதிகாரம். மனத்தில் பகையை வைத்துக்கொண்டு முகத்தால் சிரிப்பவர்களிடம் எச்சரிக்கையாக இரு என்று வள்ளுவர் சொன்ன பத்துப் பாட்டு. எத்தனையோ வகுப்புகளில் அதை நடத்தியிருக்கிறேன். இறந்துபோன ஒரு பெண்ணின் நடத்தையைச் சந்தேகிப்பதற்கு அந்தச் சொல்லையா எடுக்க வேண்டும்? அதே பக்கத்தில், அதே வாரத்தில், ஓர் ஆண் உயிரை மாய்த்துக்கொண்ட செய்தியும் இருந்தது. அவருக்குக் 'கடன் தொல்லை' என்று ஒரே சொல்லில் முடித்திருந்தீர்கள். அவருடைய பழக்கவழக்கத்தைப் பற்றி யாராலும் எதுவும் கூறப்படவில்லை.

தற்கொலைச் செய்திகளை எப்படி வெளியிட வேண்டும் என்று இந்தியப் பத்திரிகை கவுன்சில் 2019ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது தங்களுக்குத் தெரியாததன்று. உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைகளை ஒட்டி வந்தவை அவை. பரபரப்பான தலைப்பு கூடாது, விதத்தை விவரிக்கக் கூடாது, படம் போடக் கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமைச் செய்தி இவை அத்தனையையும் மீறிவிட்டு, அடியில் 104 என்ற உதவி எண்ணையும் அச்சிட்டிருந்தது. அந்த எண்ணைப் பார்த்தபோதுதான் எனக்கு மனம் மிகவும் வலித்தது.

எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று தாங்கள் நினைக்கலாம். 2008இல் என் தம்பியைப் பற்றியும் தங்கள் நாளிதழில் 'கூறப்படுகிறது' வந்தது. அவன் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் காசாளராக இருந்தான். போலி நகைக்குக் கடன் கொடுத்த வழக்கு. முதல் நாள் இரவு விசாரணைக்கு என்று அழைத்துப் போனார்கள். காலையில் பத்திரிகையில் வந்துவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் பள்ளியில் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒரு குறள், அதற்கு விளக்கம், பிறகு இன்றைய செய்திகள் என்று முறை. செய்தி வாசிக்கத் தங்கள் நாளிதழைத் தேர்ந்தெடுத்தவன் நான். பிழையில்லாத தமிழ் என்று தலைமை ஆசிரியரிடம் வாதாடி வாங்க வைத்தேன். அன்று ஒன்பதாம் வகுப்பு மாணவன் மாநிலச் செய்திகளை முடித்துவிட்டு, மாவட்டச் செய்திக்கு வந்து, நான் கற்றுக்கொடுத்த நிறுத்தி நிதானமான உச்சரிப்பில் வாசித்தான்: "பல லட்சம் சுருட்டிய காசாளர் கைது." பிறகு தம்பியின் பெயர், தலைப்பெழுத்தோடு. எட்டாம் வகுப்பு வரிசையில் தம்பி மகள் நின்றிருந்தாள். சீருடைப் பாவாடையின் மடிப்பைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையையே பார்த்தாள். நிறுத்து என்று சொல்ல எனக்கு வாய் எழவில்லை. நிறுத்தினால் எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்ப்பார்கள். அடுத்த வாரமே அவளைத் தாய்மாமன் ஊருக்கு அனுப்பிப் படிக்க வைத்தோம்.

புகாரில் இருந்த தொகை 1,86,000 ரூபாய். அது எப்படிப் 'பல லட்சம்' ஆயிற்று என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. 2015இல் நீதிமன்றம் தம்பியை விடுதலை செய்தது. ஏமாற்றியது நகை மதிப்பீட்டாளர் என்பதும், காசாளருக்கு அதில் பங்கில்லை என்பதும் தீர்ப்பில் தெளிவாக இருக்கிறது. சான்றிட்ட நகலை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு தம்பியும் நானும் தங்கள் கிளை அலுவலகத்துக்குப் போனோம். மேசையில் இருந்தவர் மரியாதையானவர்தான். நாற்காலி போட்டு உட்கார வைத்தார். இரண்டு பக்கங்களைப் புரட்டிவிட்டு, "பழைய வழக்கு சார், இதில் செய்தி இல்லையே" என்றார். விளம்பரமாகக் கொடுத்தால் போடலாம் என்று சொல்லி, நான்கு வரிக்கு 1,200 ரூபாய் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தந்தார். தம்பி அதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். தீர்ப்பு நகலோடு அந்தச் சீட்டும் இன்னும் மஞ்சள் பையில்தான் இருக்கிறது. அவன் அதன்பிறகு தங்கள் நாளிதழைத் தொடுவதில்லை. நான்தான் சந்தாவை நிறுத்தாமல் இருக்கிறேன்.

நாகர்கோவிலில் பிறந்த விஞ்ஞானி நம்பி நாராயணனுக்கு நடந்ததும் இதுதான். இஸ்ரோவில் இருந்த அவரை 1994இல் உளவு வழக்கில் கைது செய்தபோது கேரளப் பத்திரிகைகள் மாலத்தீவுப் பெண்களையும் ராக்கெட் ரகசியத்தையும் சேர்த்து நாள்தோறும் கதை எழுதின. 1996இல் மத்தியப் புலனாய்வுத் துறை குற்றச்சாட்டுகளில் உண்மை இல்லை என்றது. 1998இல் உச்ச நீதிமன்றமும் அவர் பக்கம் நின்றது. 2018இல் 50 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொல்லி உத்தரவிட்டது. அதைக் கொடுக்கும் பொறுப்பு கேரள அரசின் தலையில் விழுந்தது. கதை எழுதியவர்கள் தலையில் ஒன்றும் விழவில்லை. இருபத்து நான்கு ஆண்டுகள் போராட அவருக்குத் தெம்பு இருந்தது. என் தம்பிக்கு இல்லை.

2019 அக்டோபரில் மணப்பாறை அருகே ஆழ்துளைக் கிணற்றில் குழந்தை விழுந்தபோதும் இப்படித்தான் நொந்துபோய்த் தங்களுக்கு எழுதினேன். மகனை மீட்பதற்காகப் பெற்ற தாய் தையல் இயந்திரத்தில் உட்கார்ந்து துணிப்பை தைத்ததை நாடே வேடிக்கை பார்த்தது. அது தொலைக்காட்சிக்காரர்கள் செய்தது என்று தாங்கள் சொல்லலாம். மறுநாள் தாங்களும் அந்தப் படத்தை அச்சிட்டீர்கள். என் கடிதம் வெளிவரவில்லை. பதிலும் வரவில்லை.

பத்திரிகை கவுன்சிலில் புகார் செய்வதானால் செய்தி வந்த இரண்டு மாதத்துக்குள் செய்ய வேண்டும், அதற்கு முன் ஆசிரியருக்கு எழுதியிருக்க வேண்டும் என்பது விதி. அந்தத் தாய்க்காக நான் எழுதும் கடிதம் இது. கவுன்சிலால் எச்சரிக்கவும் கண்டிக்கவும் முடியுமே தவிர அபராதம் விதிக்க முடியாது என்பதைத் தாங்கள் நன்கு அறிவீர்கள். அங்கே போக வேண்டிய நிலையைத் தாங்கள் ஏற்படுத்த மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. 'செவ்வாய்க்கிழமைச் செய்தியில் அந்தப் பெண்ணின் நடத்தை பற்றி வெளியான வரிக்கு ஆதாரம் இல்லை, வருந்துகிறோம்' என்று அதே மாவட்டப் பக்கத்தில் இரண்டு வரி போடுங்கள். ஆதாரம் இருக்கிறது என்றால், கூறியவர் யார் என்று அந்தத் தந்தையிடம் நேரில் சொல்லுங்கள். தாங்கள் கைதுச் செய்தி வெளியிட்ட ஒருவரின் வழக்கில் விடுதலைத் தீர்ப்பு வந்து, நகலோடு யாராவது படியேறி வந்தால், கட்டணம் கேட்காமல் நான்கு வரி போடுங்கள். 'தி இந்து' ஆங்கில நாளிதழ் 2006ஆம் ஆண்டே வாசகர் புகார்களைக் கேட்பதற்கென்று ஒருவரை நியமித்தது. தாங்களும் ஒருவரை உட்கார வைக்கலாம்.

இக்கடிதத்தை வெளியிடுவதாக இருந்தால் என் பெயரைப் போட வேண்டாம். என் பெயரைப் போட்டால் ஊரில் தம்பியின் பெயரையும் சேர்த்தே படிப்பார்கள். அவன் மகளுக்கு இப்போதுதான் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

தங்கள் நெடுநாள் சந்தாதாரர்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
சங்கரன்கோவில்.