எதுடா செட் ஆவல?

டேய் மச்சான்,

எப்படிடா கீற? உன் மெசேஜ் வந்துச்சு, கோயம்புத்தூர் இன்னும் செட் ஆவலன்னு ஒத்த வரியோட நிறுத்திட்ட. இங்க எங்க வீட்லயும் ஒரே செட்டு பேச்சுதான். பெரிய பொண்ணு ஒன்பதாவது, இங்கிலீஷ் மீடியம், கணக்கு புக்குல மொத பாடமே செட் லாங்குவேஜ், தமிழ்ல கணமொழின்னு போட்டிருக்கான். அப்பாவுக்கு புதுசா பல் செட்டு கட்டியிருக்கோம், அது செட் ஆவலன்னு காலைலருந்து கத்திக்கினு இருக்காரு.

அதக் கேட்டுட்டு பொண்ணு, இதுக்கு எத்தினி அர்த்தம்பான்னுச்சு. தேடிப் பாத்தா ஆக்ஸ்ஃபோர்ட் பெரிய அகராதி ரெண்டாவது பதிப்புல வினைச்சொல்லுக்கு மட்டும் 430 அர்த்தமாம், அத விளக்க கிட்டத்தட்ட 60,000 வார்த்தை! அது வந்தது 1989ல, நம்ம வட ஆற்காடு ஜில்லாவ ரெண்டா பிரிச்ச அதே வருஷம். இப்ப இங்கிலீஷ்ல ஓடறதுக்கு சொல்ற ரன்ங்கற வார்த்தை அதையும் தாண்டி 645க்குப் போயிடுச்சாம்.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் என்னன்னா, ரெண்டு செட்டுக்கும் பொறப்பே வேற. வெக்கிறது, உக்கார வெக்கிறதுங்கற செட்டு பழைய இங்கிலீஷ், உக்காருன்னு சொல்ற இங்கிலீஷ் சிட்டுக்கு (sit) சொந்தக்காரன். கூட்டம், தொகுதிங்கற செட்டு லத்தீன்ல செக்டான்னு இருந்து பிரெஞ்சு வழியா வந்தது. அப்புறம் ஒண்ணோட ஒண்ணு கலந்துபோச்சு. ஆக அப்பா வாயில இருக்கறது லத்தீன், அது ஆவலன்னு அவரு கத்தறது பழைய இங்கிலீஷ், கேட்டுட்டு அவரே சிரிச்சாரு, செட்டு கழண்டுடுச்சு.

கம்பெனியிலயும் இதேதான். ராணிப்பேட்டைல நான் நிக்கறது செட்டிங் மெஷின்கிட்ட, ஈரத்தோல உள்ள விட்டா ரோலரும் பிளேடும் சேந்து தண்ணிய பிழிஞ்சி சுருக்கத்த நீவி விரிச்சி வெளிய தள்ளும். அதுகூட இங்கிலீஷ்காரனுக்குப் புரியும். ஆனா ஆடி மாசம் கூழ் ஊத்தறப்ப தெருவுல கட்ற மைக் செட்டு, பாலாத்தங்கரைல காஞ்ச கெணத்துல துருப்பிடிச்சி கெடக்கற பம்பு செட்டு, நைட்டு டிபன் செட் தோசை, காலேஜ்ல நம்ம செட்டு பசங்க, இதெல்லாம் நாமளே வளத்துக்கினது. எல்லாத்துக்கும் மேல அந்த "செட் ஆவல". பொண்ணு பாத்துட்டு வந்தும் அதான், வேலைய விட்டாலும் அதான், தைலம் ஒத்துக்கலன்னாலும் அதான். எது ஆவலன்னு சொல்லவே வேணாம், கேக்கறவனும் மேல கேக்க மாட்டான். தப்பிக்கறதுக்கு இத விட சௌகரியமான வார்த்தை எதுவும் கெடையாதுடா.

நான் அப்படி உட மாட்டேன். உனக்கு எது ஆவல, ஆபீஸா, ஹவுஸ் ஓனரா, இல்ல வீட்ல தங்கச்சி கூட எதாவது சண்டையா? அதப் பிரிச்சி எழுது, நாலு பக்கம் ஆனாலும் படிக்கறேன். காசு விஷயம்னா போன் பண்ணு, எழுத வேணாம்.

மத்தபடி எல்லாரும் சௌக்கியம். பொங்கலுக்கு வரதுன்னா ரயில் டிக்கெட் இப்பவே போட்டுடு, காட்பாடிக்கு நான் வண்டி எடுத்துக்கினு வந்துடறேன். ஆற்காடு மக்கன் பேடா வாங்கி வெக்கறேன், சுகருன்னு சாக்கு சொல்லாத.