போன் கிடைக்கவில்லை, நன்றி மட்டும் பாக்கி இருக்கிறது

அன்று இரவு என்னோடு நின்ற வியாசர்பாடித் தெருக்காரர்களுக்கு,

வணக்கம். பறிபோன போன் கிடைக்கவில்லை. வழியில் பார்க்கிறவர்கள் எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்கிறீர்கள் என்பதால் முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன்.

சென்ட்ரல் அருகே பரிசோதனைக் கூடத்தில் மாலை வேலையை முடித்து, மூர் மார்க்கெட் வளாகத்தில் ரயில் ஏறி, ஜீவா நிலையத்தில் இறங்கியபோது மணி பத்தரையைத் தாண்டிவிட்டது. தூறல் வேறு. ஒரு கையில் குடை, மறு கையில் போன். தெருமுனை திரும்பியதும் பின்னால் வண்டியில் வந்த இருவர், காதோடு வைத்திருந்ததைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். எண் பலகையை மேலே மடித்து வைத்திருந்தார்களாம். எனக்கு வண்டியின் நிறம்கூட நினைவில்லை.

அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் விற்கும் கடை அக்கா, நான் கத்தினேனா என்று எனக்கே தெரியாது. நீங்கள் ஓடி வந்தீர்கள். முக்காலியில் உட்காரவைத்து, கையில் ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப்பைக் கொடுத்தீர்கள். கை நடுங்கி, பாதி சூப் புடவையில் கொட்டியது. "சூடு உள்ளே போகட்டும், அப்புறம் அழலாம்" என்றீர்கள். அதட்டலா ஆறுதலா என்று புரியாவிட்டாலும், அதற்குப் பிறகுதான் எனக்குப் பேச்சு வந்தது.

கேரம் மன்றத் தம்பிகளே, உங்களுக்கு நன்றி சொல்லும் முன் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். உங்கள் மன்றத்து வாசலில் கூட்டமாக நிற்கிறீர்கள் என்பதற்காகவே இரண்டு ஆண்டுகளாக அடுத்த தெருவைச் சுற்றி வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். மழை என்பதால்தான் அன்று நேர்வழியில் வந்தேன். 2024இல் உலக கேரம் போட்டியில் தங்கம் வென்ற காசிமாவின் படத்தை நீங்கள் சுவரில் ஒட்டியிருப்பதே அன்றுதான் என் கண்ணில் பட்டது. வண்டியைத் துரத்திக்கொண்டு ஓடிய இருவரையும் அன்றே திட்டினேன், இன்னமும் திட்டுவேன். பறித்தவர்கள் கையில் கத்தி இருந்திருந்தால் உங்கள் அம்மாக்களுக்கு யார் பதில் சொல்வது? ஓடாமல் நின்ற மூன்றாவது தம்பிதான் தன் போனை நீட்டி, "அக்கா, முதலில் சிம்மை முடக்குங்கள், உங்கள் வங்கிக் கணக்கு அதில்தானே இருக்கிறது" என்றான். பத்து நிமிடத்தில் சிம்மும் கணக்கும் முடங்கின. காவல்துறையின் 100 எண்ணுக்கும் அவனே பேசினான். சம்பளம் வந்து மூன்றாம் நாள்; அந்தப் பணம் அப்படியே தப்பியது.

காவல் நிலையத்துக்குப் போகும் வழியில் அக்கறையோடு பலர் ஒரே யோசனையைச் சொன்னார்கள். "தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடு. ஒரு ரசீது வாங்கிக்கொள். வழக்கு, கோர்ட்டு என்று ஏன் அலைகிறாய்?" நானும் மனதளவில் தயாராகிவிட்டேன். அங்கிருந்த பெண் தலைமைக் காவலர் நான் எழுதியதைப் படித்துவிட்டு, "தொலைத்தீர்களா, பறித்தார்களா?" என்று கேட்டார். பறித்தார்கள் என்றேன். "அப்படியானால் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்" என்று வேறு தாள் கொடுத்தார். பறிப்புக்கென்றே இப்போது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 304ஆம் பிரிவு இருக்கிறது, மூன்று ஆண்டு வரை சிறை உண்டு என்பதை அவர் சொல்லித்தான் அறிந்தேன். முதல் தகவல் அறிக்கையின் நகலையும் கையோடு கொடுத்தார். அதற்குக் காசு கிடையாது. அம்மா, அந்த இன்னொரு தாளுக்கு என் நன்றி.

மறுநாள் வேலையிடத்தில் "வியாசர்பாடிதானே, பிறகு எப்படி இருக்கும்?" என்றார்கள். குற்ற விகிதம் என்பது லட்சம் பேருக்கு எத்தனை வழக்கு பதிவானது என்ற கணக்கு. பறிபோனதையெல்லாம் தொலைந்தது என்று எழுதிக் கொடுத்தால் எந்த ஊரும் யோக்கியமான ஊர்தான். பதிவு கூடினாலே குற்றம் கூடியதாக ஆகாது என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகமே தன் ஆண்டறிக்கையில் எச்சரிக்கிறது. எங்கள் பகுதிக் கணக்கில் என்னால் ஒன்று ஏறியிருக்கிறது. ஏறட்டும். சூப் கொடுத்ததற்கும் சிம்மை முடக்கியதற்கும் அந்தக் கணக்கில் கட்டம் கிடையாது.

பெரம்பூர் போன் கடைக்காரருக்கும் நன்றி. பழைய ரசீதுக் கட்டுகளைக் கிளறி, என் கருவியின் பதினைந்து இலக்க அடையாள எண்ணை (IMEI) எடுத்துக் கொடுத்தீர்கள். அதையும் அறிக்கை நகலையும் வைத்து மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் கருவியை முடக்கிவிட்டேன். எனக்கு உதவாதது எடுத்தவனுக்கும் உதவாது.

மளிகைக்கடை அண்ணாச்சி, சென்னைக் காவல்துறை 'மூன்றாவது கண்' என்று கேமரா வைக்கச் சொன்ன காலத்திலேயே உங்கள் கடை வாசலில் வைத்துவிட்டீர்கள். ஒரு மணி நேரம் பதிவை ஓட்டிக் காட்டினீர்கள். தெரிந்ததெல்லாம் ஒரு முகப்பு விளக்கின் வெளிச்சமும் என் குடையின் விளிம்பும்தான். எதிரே மூன்று கம்பங்களில் வாரக்கணக்காக விளக்கு எரியவில்லை. இருட்டில் கேமரா என்ன செய்யும்?

புகார் சொல்ல மாநகராட்சியின் 1913ஐக் கூப்பிட்டால் கம்பத்தின் எண்ணைக் கேட்டார்கள். எண் இருந்த இடத்தில் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டப்பட்டிருந்தன. அதே மூன்றாவது தம்பி வண்டியின் இருக்கையில் ஏறி நின்று, வீட்டுச் சாவியால் ஒவ்வோர் அடுக்காகச் சுரண்டினான். கடைசி அடுக்கில் ஒரு தாத்தாவின் மீசை மட்டும் மிச்சமிருந்தது. "மன்னித்துக்கொள்ளுங்கள் தாத்தா" என்று சொல்லிவிட்டு அதையும் கிழித்தான். கீழே மஞ்சள் வண்ணத்தில் எண் இருந்தது.

மாநகராட்சி மின் பணியாளர்கள் மூன்றாம் நாள் ஏணி வண்டியோடு வந்தார்கள். பல்பில் பழுதில்லை, பள்ளம் தோண்டிய இடத்தில் கேபிள் அறுந்திருந்தது. மதிய வெயிலில் குழிக்குள் இறங்கி இணைத்துக் கொடுத்த இருவருக்கும், ஒரு வாய் மோர்கூடத் தர எனக்குத் தோன்றவில்லை. அடுத்த முறை வந்தால் தருகிறேன். வராமலிருந்தால் இன்னும் நல்லது.

இப்போது மன்றத்து வாசல் வழியாகத்தான் வருகிறேன். யாரும் என்னைக் கொண்டுவந்து விடுவதில்லை. நான் கடக்கும்போது ஆட்டம் ஒரு நொடி நிற்கும், பிறகு காய் விழும் சத்தம் கேட்கும்.

அக்கா, உங்கள் எவர்சில்வர் கிண்ணம் என்னிடம்தான் இருக்கிறது. அதைக் கையில் பிடித்தபடியேதான் காவல் நிலையம்வரை போயிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
மூன்றாவது கம்பத்துக்கு எதிர்வீட்டுக்காரி