வேடந்தாங்கல் செல்லும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோருக்கு

அன்புடைய பெற்றோருக்கு வணக்கம்.

வரும் ஜனவரி இரண்டாம் சனிக்கிழமை ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை வேடந்தாங்கலுக்கு அழைத்துச் செல்கிறோம். பேருந்து பிற்பகல் 1 மணிக்குப் புறப்படும். பகலில் சுற்றுவட்டார ஏரிகளிலும் வயல்களிலும் இரை தேடிய பறவைகள் 4 மணிக்கு மேல்தான் கூட்டங்கூட்டமாகத் திரும்பும். அதனால்தான் மாலை நேரம்.

இந்த மாதத்தில் பல கூடுகளில் குஞ்சுகள் இருக்கும். சத்தத்துக்கு மிரண்டு தாய்ப்பறவை எழும்பிவிட்டால் காக்கை முட்டையைக் கொத்திவிடும். இறகு முளைக்காத குஞ்சு வெயிலில் துவண்டுபோகும். கூச்சலும் கைதட்டலும் கைபேசிப் பாட்டும் கூடாது என்று வீட்டிலேயே சொல்லி அனுப்புங்கள். சிவப்பு, வெள்ளை, பளபளக்கும் உடைகள் வேண்டாம். பச்சை, பழுப்பு, காக்கி நல்லது. தொப்பி, ஒரு லிட்டர் தண்ணீர், நோட்டு, பென்சில் போதும். தின்பண்டத்தை டப்பாவில் கொடுங்கள். பிளாஸ்டிக் உறை காற்றில் பறந்து ஏரியில் விழும்.

பைனாகுலர் வைத்திருப்பவர்கள் கொடுத்தனுப்பலாம். புதிதாக வாங்குவதென்றால் 8 மடங்கு போதும். 12, 16 மடங்கில் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். முதலில் இரு குழல்களையும் கண் இடைவெளிக்கு ஏற்ப மடக்கி, காட்சி ஒரே வட்டமாகத் தெரியச் செய்யுங்கள். வலக்கண்ணை மூடி, நடுத் திருகால் இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடக்கண்ணை மூடி, வலக்குழல் வளையத்தை மட்டும் திருப்புங்கள். மொட்டை மாடியில் இரண்டு நாள் பழகட்டும். சூரியனை அதன்வழி பார்க்கவே கூடாது, கண் கெட்டுவிடும்.

பிள்ளைகள் அலகுகளை வரைந்து வர வேண்டும். நத்தைகுத்தி நாரை வாயை மூடினாலும் அலகின் நடுவே இடைவெளி தெரியும். குஞ்சுக்கு அந்த இடைவெளி இராது; வேறு பறவை என்று எழுதிவிடுவார்கள். நீர்க்காகமும் பாம்புத்தாராவும் நனைந்த சிறகை விரித்துக் காயவைப்பதால் இன்னும் குழப்பம். அலகு நுனி கொக்கிபோல் வளைந்திருந்தால் நீர்க்காகம். கழுத்து மெலிந்து நீண்டு, அலகு ஈட்டிபோல் நேராக இருந்தால் பாம்புத்தாரா.

பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்பதை அறிந்த வேடந்தாங்கல் மக்கள், 1798இலேயே செங்கல்பட்டு கலெக்டரிடம் பறவைகளுக்கு எழுத்துப்பூர்வமான பாதுகாப்பு பெற்றவர்கள். அவர்கள் ஊரில் நம் பிள்ளைகள் அடக்கமாக நடந்துகொள்ள வேண்டும். கீழே விழுந்த குஞ்சைத் தொடாமல் ஆசிரியரிடம் சொல்லட்டும். வனத்துறைக் காவலர் பார்த்துக்கொள்வார்.

ஒப்புதல் சீட்டை வியாழக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். பேருந்தில் வாந்தி வருமா, ஆஸ்துமா உண்டா என்பதையும் அதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்